வாரம் அரை மாத்திரை

ஊசிப் பேனாவை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். சில்லென்று இருக்கும்போது போட்டால் எரியும். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அப்படித்தான் எடுத்து, சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில், மகளின் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சாப்பாட்டு மேஜை என்று பழக்கத்தில் சொல்கிறேன். அதன் முன்னால் யாரும் உட்கார்ந்து சாப்பிட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது.

மகள் பென்சிலை நிறுத்திவிட்டு ஊசியைப் பார்த்தாள். "இன்னிக்கா?"

"ஆமா. வெள்ளிக்கிழமை ஆச்சே. போன ஊசி போட்டு ரெண்டு வாரம் முடிஞ்சுது."

"ம்" என்றாள்.

வேறு நாளாக இருந்தால் அவள் 'ம்' என்பதோடு விட மாட்டாள். பன்னிரண்டு வயது. அவளுடைய அப்பா அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் மருந்து எழுதுவதற்கென்று ஒரு நீள நோட்டு இருந்தது. என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, யார் கொடுத்தது என்று நானும் அவரும் மாறி மாறி எழுதுவோம். அதை மேடம் வாரம் ஒரு முறை சிவப்பு மையில் திருத்துவாள். 'மாத்திறை' என்று அவர் எழுதியதைச் சுழித்து, ஓரத்தில் 'ர' என்று மூன்று முறை எழுதி, 'இம்போஸிஷன் பாக்கி' என்று போட்டிருந்தாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் இடது தொடையைக் காட்டினாள். நான் தோலைக் கிள்ளிப் பிடித்து, பேனாவை அழுத்தி, பத்து எண்ணினேன். முடிந்ததும் பஞ்சை அவளே வாங்கி அழுத்திக்கொண்டாள். நோட்டில் ஒரு டிக் போட்டு என் கையெழுத்தையும் போட்டேன். ஒரு வேலை ஒழிந்தது என்று இருந்தது. அந்த நாட்களில் எனக்கு வந்த பெரிய சந்தோஷமெல்லாம் அந்த வகைதான்.

அவளுக்கு க்ரோன்ஸ் நோய். குடலில் புண் வரும், ஆறும், மறுபடி வரும். ஏழு மாதமாக வந்தது ஆறவே இல்லை. சிறுகுடல் முடிகிற இடத்தில் தடித்துப்போய், பேனா ரீஃபில் அளவுக்குத்தான் வழி இருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. அந்தத் துண்டை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். தேதி கிடைக்கவே மூன்று மாதம் ஆனது. தேதி வந்த பிறகு, அதற்கு முந்தின ஆறு வாரத்துக்கு ஒரு பெரிய பட்டியல் தந்தார்கள். சாப்பாடு கிடையாது, டின்னில் வரும் சத்து மாவைக் கரைத்து ஒரு நாளைக்கு எட்டு டம்ளர். ஸ்டீராய்டு மாத்திரை நாலிலிருந்து வாரம் அரையாகக் குறைத்து ஒன்றுக்குக் கொண்டுவர வேண்டும். சட்டென்று நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. இரும்புச் சத்து மருந்து ஒருநாள் விட்டு ஒருநாள். முன்பிருந்தே சாப்பிடுகிற, நாங்கள் பெரிய மாத்திரை என்று சொல்கிற இன்னொன்று மட்டும் எப்போதும்போல ராத்திரி.

அவள் அப்பாவுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. விடியற்காலை நாலு மணிக்கு அடுப்புப் பக்கம் நின்றால் மதியம் பன்னிரண்டுக்கு மேல் வீட்டுக்கு வருவார். எனக்கு டாக்ஸி கம்பெனியில் போன் எடுக்கிற வேலை, மதியம் ஒன்றிலிருந்து எட்டு வரை. வெள்ளிக்கிழமை எனக்கு விடுப்பு, ஞாயிற்றுக்கிழமை அவருக்கு. மற்ற நாட்களில் நாங்கள் இருவரும் வாசலில் பார்த்துக்கொள்வோம். ஒரு செருப்பு உள்ளே வரும்போது ஒரு செருப்பு வெளியே போகும். "ரெண்டு டம்ளர் குடிச்சிருக்கா, மூணாவது பாதியில இருக்கு" என்று சொல்லிவிட்டு நான் பஸ்ஸுக்கு ஓடுவேன். மற்றதெல்லாம் நோட்டு பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை.

சாப்பாட்டை அவள் முன்னால் சாப்பிட எங்களுக்கு மனசு வரவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, திருடர்கள் மாதிரி சாப்பிட்டோம். அவர் உடம்பிலும் சட்டையிலும் ரொட்டி வாசனை ஊறிப்போயிருக்கும். முதல் வாரம் ஒருநாள் அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் மகள் அவர் தோளில் மூக்கை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் மூக்கை எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து அவர் தொழிற்சாலையிலேயே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அதைப் பற்றி நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. பேசுவதற்குத் தெம்பு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் மாத்திரை வெட்டுகிற நேரம். அந்த வாரத்துக்கு வேண்டிய அரை மாத்திரைகளைச் சின்னக் கத்தியால் வெட்டி, கிழமை போட்ட பெட்டியில் போட்டு வைப்பார். அதற்கு முன்னால் நோட்டை ஒரு தடவை முழுசாகப் படிப்பார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கம் புரள்கிற சத்தம் நின்றுபோனது காதில் விழுந்தது.

"வெள்ளிக்கிழமை ஊசி போட்டியா?"

"போட்டேனே. டிக் போட்டிருக்கேன் பாருங்க."

அவர் நோட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். என் டிக்குக்கு இரண்டு பக்கம் முன்னால், அவர் கையெழுத்தில், சுற்றிலும் கட்டம் கட்டி எழுதியிருந்தது: 'இந்த வெள்ளி ஊசி கிடையாது. ஆபரேஷன் முடிஞ்சு டாக்டர் சொன்னப்புறம்தான்.' அதிலும் மேடத்தின் சிவப்பு மை இருந்தது. 'ஆபரேசன்' என்று எழுதியதை 'ஷ' ஆக்கியிருந்தாள்.

கையில் இருந்த துணியை நான் மடித்து முடித்தேன். எதற்கு என்று தெரியவில்லை. அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. ஆஸ்பத்திரி அறையில் சர்ஜன் சொன்னபோது நானும்தான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். "இந்த ஊசி எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும். தைச்ச இடம் ஆறணும், கிருமி வரக்கூடாது. அதனால எனக்கு நாலு வாரம் இடைவெளி வேணும்" என்று அவர் சொல்ல, நான் தலையாட்டிய தலையாட்டல்கூட எனக்கு நினைவிருந்தது. தலை மட்டும் ஆடியிருக்கிறது. ஆபரேஷனுக்கு இன்னும் பத்து நாள்.

அவர் மாடிப்படிக்குப் போனார். நானும் போனேன். கதவைச் சாத்திக்கொண்டோம்.

"ஒரு ஊசிதானே" என்றார். "போட்டாச்சு. இனிமே உறிஞ்சி எடுக்கவா முடியும்?"

"சொல்லணும்."

"சொன்னா தள்ளிப் போடுவாங்க."

"தள்ளிப் போடட்டும்."

"உனக்கென்ன, சுலபமா சொல்லிட்ட. இன்னும் எத்தனை நாளைக்கு அவ அந்தக் கரைசலையே குடிப்பா? நேத்து நாலாவது டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தா. அழக்கூட இல்ல. சும்மா பாத்துக்கிட்டே இருந்தா. நடுவுல குடல் அடைச்சுக்கிட்டா என்ன செய்வ?" அவர் குரல் உயரவே இல்லை. அடுப்புப் பக்கம் நிற்கிறவர் கோபத்தையும் அளந்துதான் எடுப்பார். "நாம ரெண்டு பேரும் வாயத் திறக்கலன்னா யாருக்கும் தெரியாது."

எனக்கும் அதுதான் ஆசையாக இருந்தது. அது அவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகவே நான் சொல்லணும், சொல்லணும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேனோ என்னவோ. தப்பு செய்தவளே தப்பை மறைக்கலாம் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான். "நான்தான் போட்டேன். நான்தான் சொல்றேன்" என்றேன். அவர் படிக்கட்டில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு பழைய கறையை நகத்தால் சுரண்டினார்.

திங்கட்கிழமை காலை மூன்று தடவை வயிற்று கிளினிக்குக்கு போன் போட்டேன். முதல் தடவை மணி அடிக்கும்போதே வைத்துவிட்டேன். இரண்டாவது தடவை காத்திருக்கச் சொல்லிப் பாட்டு போட்டார்கள். நாள் முழுக்க ஜனங்களிடம் "வண்டி கிளம்பிடுச்சு, இன்னும் அஞ்சே நிமிஷம்" என்று புளுகுகிறவள் நான். எனக்கு அந்தப் பாட்டைப் பற்றித் தெரியாததா. நாலு நிமிஷம் கேட்டேன். மகள் அறையிலிருந்து வருகிற மாதிரி இருந்தது, வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை போடும்போது மணி பன்னிரண்டு ஆகவில்லை. அவர் அன்றைக்குச் சீக்கிரமே வந்து, ஈரத் தலையோடு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

இந்த முறை சிஸ்டரே எடுத்தார். எங்களுக்கு இரண்டு வருஷப் பழக்கம் அவரோடு. "சொல்லுங்கம்மா, நம்ம மேடம் எப்படி இருக்காங்க?" என்றார். "சிஸ்டர், அந்த ஊசி..." என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. அந்தப் பக்கம் அவரும் அவசரப்படுத்தவில்லை. யாருக்கோ "ரெண்டு நிமிஷம் வெளிய உக்காருங்க" என்று சொல்வது கேட்டது.

அவள் அப்பா என் கையிலிருந்து போனை வாங்கினார். "சிஸ்டர், வெள்ளிக்கிழமை போடக் கூடாதுன்னு சொன்ன ஊசியப் போட்டுட்டோம். நாங்கதான். ரெண்டு பேருமே கவனிக்கல."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை மணிக்குப் போட்டது, காய்ச்சல் உண்டா, வலி உண்டா என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். கடைசியில், "திட்டிடுங்க சிஸ்டர், பரவாயில்ல" என்றார். சிஸ்டர் என்ன சொன்னாரோ, இவர் லேசாகச் சிரித்தார். வைத்த பிறகு சொன்னார்: "திட்டறதுக்கெல்லாம் தனி நேரம் ஒதுக்கணுமாம். இன்னிக்கு ஆள் பத்தலையாம். போன் பண்ணீங்களே, அது போதும்னாங்க. சர்ஜன்கிட்ட கேட்டுட்டு நாளைக்குச் சொல்றாங்களாம்."

மறுநாள் நான் கிளம்புவதற்குப் பத்து நிமிஷம் முன்னால் போன் வந்தது. அவர் இன்னும் வரவில்லை. மகள் மேஜையில் மூன்றாவது டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். விஷயத்தை அவளிடமிருந்து எத்தனை நாள் மறைப்பது என்று எனக்கே அலுத்துப்போய், ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, தேதியைத் தள்ளி வச்சிருக்கோம். பதினாறு நாள்" என்றார் சிஸ்டர். "ஒரு ஊசியால பெரிய ஆபத்து வந்துடாதுன்னு சொல்ற டாக்டர்களும் இருக்காங்க. ஆனா நம்ம சர்ஜனுக்கு அந்த இடைவெளி வேணுமாம். பாப்பா ஏற்கெனவே ஸ்டீராய்டுலயும் இருக்கா, ரெண்டும் சேர வேண்டாம்னு பாக்கறாங்க. கரைசல் அப்படியே தொடரட்டும். வயிறு உப்பினாலோ, வாந்தி எடுத்தாலோ ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காம அவசரப் பிரிவுக்கு வந்துடுங்க."

"சரி சிஸ்டர்."

"இன்னொன்னு, முக்கியம். ஸ்டீராய்டு ஒரு மாத்திரைக்கு வந்ததும் அதுலயே நிக்கட்டும். அதுக்குக் கீழ போக வேண்டாம். ஆபரேஷன் வரைக்கும் தினம் ஒண்ணு."

"கீழ போகலாமே" என்றாள் மகள்.

நான் திரும்பினேன். அவள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து நின்றிருந்தாள்.

"வாரம் அரைதானே குறைக்கணும். இப்ப ரெண்டு வாரம் கூட இருக்கே. அரை, அப்புறம் ஒண்ணுமில்ல. சரியா வருதே."

"அப்படி இல்ல மேடம்" என்றார் சிஸ்டர் போனில். "ரொம்ப நாளா மாத்திரை எடுத்திருக்கீங்க இல்லையா, உங்க உடம்பு தானா செய்ய வேண்டியதைச் செய்ய மறந்துபோயிருக்கும். ஆபரேஷனுக்கு முன்னாடி சுத்தமா எடுத்துட முடியாது. அதோட புண்ணும் திரும்பக் கிளம்பிடும்."

அவள் கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஸ்டீராய்டில் உப்பிப்போன அந்த முகத்தில் எதையும் படிக்க முடியாமல் போய் மாதக்கணக்காகிவிட்டது. கன்னங்கள் கண்ணை மேலே தள்ளி, எப்போதும் லேசாகச் சிரிக்கிற மாதிரியே இருக்கும். அந்தச் சிரிக்கிற முகத்தோடு அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டாக்ஸி கம்பெனிக்கு போன் போட்டு ஒரு மணி நேரம் தாமதமாக வருவேன் என்றேன். மேற்பார்வையாளர், "இன்னும் அஞ்சே நிமிஷம்னு சொல்லிடட்டுமா?" என்றார். பழகிய கேலி. சிரிக்க வேண்டும் என்று தெரிந்தது. சிரிப்பு வரவில்லை.

அறையில் அவள் கட்டிலில் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குள் ஒன்று மெதுவாகப் புரண்டது. கட்டம் கட்டின அந்த வரியில் இருந்த சிவப்பு மை. 'ஷ'.

"ஊசி போடக் கூடாதுன்னு உனக்குத் தெரியும்."

அவள் தலையணையை இழுத்துக்கொண்டாள்.

"'இன்னிக்கா'ன்னு கேட்டியே."

"நீ ஆமான்னு சொன்ன."

"தெரிஞ்சும் ஏன்மா சொல்லல?"

அவள் எழுந்து தன் பையிலிருந்து ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துத் திறந்தாள். உள்ளே நாலாக மடித்த காகிதம். எனக்கு அது என்ன என்று பார்த்ததும் தெரிந்தது. சர்ஜன் தன் மேஜையில் வைத்து எங்களுக்கு வரைந்து காட்டிய படம். குடல், எடுக்கப் போகிற துண்டு, இரண்டு நுனியையும் சேர்த்துத் தைக்கிற இடம். அதற்குக் கீழே இன்னொரு படம்: வயிற்றின் மேல் ஒரு சின்ன வட்டம், அதன்மேல் ஒரு பை. "பெரும்பாலும் அப்பவே இணைச்சுடுவோம். இணைக்கறது பாதுகாப்பில்லைன்னு உள்ள பாத்தப்புறம் தோணினா, கொஞ்ச மாசத்துக்கு மலம் வெளிய இந்தப் பைக்குள்ள வர்ற மாதிரி வச்சுடுவோம். ஸ்டீராய்டு எவ்வளவு குறையுதோ அவ்வளவுக்கு இதுக்கான வாய்ப்பும் குறையும்." அவ்வளவுதான் சொன்னார். அவள் அப்பா காகிதத்தை மடித்து ஃபைலில் வைத்தார். அதற்குப் பிறகு பை என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை. காய்கறி வாங்கப் போகும்போதுகூட.

காகிதத்தின் பின்பக்கம் அவள் கையெழுத்து. மூன்றரை, மூன்று, இரண்டரை, இரண்டு, ஒன்றரை, ஒன்று. அங்கே ஒரு கோடு, 'ஆபரேஷன்' என்று. கோட்டுக்குக் கீழே, பென்சிலில், அழித்து அழித்து எழுதியிருந்தது: அரை. பூஜ்யம்.

"ரெண்டு வாரம் தள்ளிப்போனா பூஜ்யம் வந்துடும்னு நினைச்சேன்" என்றாள். "பூஜ்யம்னா பை வராது."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ பயப்படாதன்னு சொல்லுவ."

உண்மைதான். அதைத்தான் சொல்லியிருப்பேன். அடுத்த கணம் எனக்கு வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. "மாத்திரையை நீயா குறைச்சியா? உண்மையச் சொல்லு. துப்பிட்டு வந்தியா எப்பவாவது?"

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். "நான் என்ன முட்டாளா? திடீர்னு குறைச்சா செத்துப்போயிடுவாங்க."

அப்படியும் நான் போய் மாத்திரைப் பாட்டிலையும் கிழமைப் பெட்டியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு வந்து, அவள் முன்னாலேயே கட்டிலில் கொட்டி எண்ணினேன். இத்தனை களைத்தும் நம்பிக்கை மட்டும் தானாக வருவதில்லை. எண்ணிக்கை தப்பியது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தள்ளு" என்று பத்துப் பத்தாகப் பிரித்து வைக்க ஆரம்பித்தாள். அரை மாத்திரைகள் ஒரு பக்கம், முழு மாத்திரைகள் ஒரு பக்கம். சரியாக இருந்தது. கதவருகே அவர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. தலையிலிருந்து ஒரு சொட்டு நீர் அவர் சட்டைக் காலரில் இறங்குவதைப் பார்த்தேன்.

அந்தப் பதினாறு நாள் எப்படிப் போனது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. நூற்றுச் சொச்சம் டம்ளர் என்று வேண்டுமானால் சொல்லலாம். ஒருநாள் வயிறு உப்பிக்கொண்டு பயமுறுத்தியது. ஆஸ்பத்திரிக்கு வேண்டிய துணிமணியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டோம், அவளுக்குக் காற்று பிரிந்தது. மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தோம். "இதுக்கா டாக்ஸி சொன்ன?" என்று அவர் கேட்டார். அவள் சிரித்தாள். உப்பின முகத்துக்குப் பின்னாலிருந்து நிஜமாகவே சிரித்தாள்.

ஒரு நல்லது நடந்தது. பையைப் பற்றிப் பேச ஆரம்பித்தோம். அதற்கென்றே இருக்கிற வேறு ஒரு சிஸ்டரிடம் எங்களை அனுப்பினார்கள். அவர் ஒரு வெற்றுப் பையை மேஜைமேல் போட்டு, மகளையே பிரித்துப் பார்க்கச் சொன்னார். மகள் இருபத்திரண்டு கேள்வி எழுதிக் கொண்டுவந்திருந்தாள். கசிந்தால்? தூக்கத்தில் குப்புறப் படுத்தால்? வகுப்பில் சத்தம் வந்தால்? சிஸ்டர் எல்லாவற்றுக்கும் அலட்டிக்கொள்ளாமல் பதில் சொன்னார். சத்தம் பற்றிய கேள்விக்கு மட்டும், "இருமிடு. நான் இருபது வருஷமா எல்லாருக்கும் இதைத்தான் சொல்றேன். வேற வழி கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லு" என்றார். பள்ளிப் பாவாடையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார், குனியச் சொன்னார், நிற்கச் சொன்னார். இடுப்புப் பட்டை எங்கே விழுகிறது என்று பார்த்து, தேவைப்பட்டால் இங்கேதான் என்று, வயிற்றின் வலது பக்கம் ஒரு புள்ளி வைப்பதாகச் சொன்னார். அழியாத மை. ஆபரேஷனுக்கு முந்தின நாள் வைத்தார்கள்.

ஆபரேஷன் அன்று காலை ஆறரைக்கு மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வந்தார். இளைஞர், அவர் கண்ணிலும் தூக்கம் இருந்தது. என்னென்ன மருந்து என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் ஆரம்பித்தாள்.

"ஸ்டீராய்டு ஏழு மாசத்துக்கு மேல. இப்ப தினம் ஒண்ணு, அஞ்சு மில்லிகிராம். இன்னிக்கு இன்னும் போடல, நீங்க டிரிப்ல குடுப்பீங்கன்னு சிஸ்டர் சொன்னாங்க. ஊசி போட்டு இன்னியோட நாலு வாரம். அதுல ஒரு தப்பு நடந்துச்சு, ஆனா உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"தெரியும்" என்றார் அவர். "உள்ள போனதுமே டிரிப்ல குடுத்துடுவோம், நீங்க வழக்கமா எடுக்கறதைவிட அதிகமாவே. உடம்புக்கு இன்னிக்கு அதிகம் தேவைப்படும்."

"அதிகமாவா?"

"இன்னிக்கு மட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுடுவோம்."

அவள் தலையாட்டினாள். ஆறு வாரம் அரை அரையாக இறக்கியதை ஒரே காலையில் ஏற்றப் போகிறார்கள் என்று அவளுக்குப் புரிந்தது எனக்குத் தெரிந்தது. கட்டிலை உருட்டிக்கொண்டு போகும்போது அவள் அப்பாவைப் பார்த்து, "நீங்க போய்ச் சாப்பிடுங்க. மாடிப்படி தேட வேண்டாம்" என்றாள். அவளுக்குத் தெரியாமல் நாங்கள் செய்தது ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை போலிருக்கிறது.

காத்திருக்கிற இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் ஒன்றோடொன்று இரும்புக் கம்பியால் பிணைக்கப்பட்டிருந்தன. ஒருவர் அசைந்தால் வரிசையே அசையும். அவர் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் தலையைச் சுவரில் சாய்த்துத் தூங்கிப்போனார். விடியற்காலை எழுந்து எழுந்து பழகிய உடம்பு. எனக்கு எரிச்சலாக வந்தது, பிறகு அதுவும் போனது. போன் மணி எங்கே அடித்தாலும் என் வலது கை எடுக்கப் போய்த் திரும்பி வந்தது.

நாலரை மணி நேரம் கழித்து சர்ஜன் வந்தார். தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டிருந்தார். நெற்றியில் அதன் எலாஸ்டிக் பதிந்த கோடு.

"நல்லபடியா முடிஞ்சுது" என்றார் முதலில். "கெட்டுப்போன பகுதியை எடுத்துட்டோம். ஆனா உள்ள நாங்க நினைச்சதைவிட அதிகமா ஒட்டிப்போயிருந்துது. ஓரத்துல கொஞ்சம் சீழும் இருந்துது. இப்பவே இணைச்சா பிரிஞ்சுடுமோன்னு பயம். அதனால வெளிய எடுத்து வச்சிருக்கோம். மூணு மாசம். அப்புறம் திரும்ப உள்ள வச்சுடலாம்."

அவள் அப்பா எழுந்து நின்றிருந்தார். கன்னத்தில் சுவர்ச் சுண்ணாம்பு.

"அந்த ஊசியாலயா டாக்டர்?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. ஊசிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல."

"பதினாறு நாளுக்கு முன்னாடியே பண்ணியிருந்தா?"

"அதைச் சொல்ல முடியாது" என்றார். பொய் சொல்லியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சொல்லாமல் விட்டதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, நாற்காலி வரிசையைப் பிடித்துக்கொண்டு உட்காரத்தான் தெரிந்தது.

வார்டு சிஸ்டர் புதுப் பட்டியல் ஒன்று தந்தார். ஸ்டீராய்டு மூன்று நாளைக்கு டிரிப்பில், பிறகு வாயில் இரண்டு மாத்திரை, பிறகு வாரம் அரையாகக் குறைக்க வேண்டும். ஊசி இப்போது இல்லை, நாலு வாரம் கழித்துப் புண்ணைப் பார்த்துவிட்டு. பெரிய மாத்திரை அவள் வாய்வழியாகச் சாப்பிட ஆரம்பித்ததும். அவள் அப்பா அதை வாங்கி ஒவ்வொரு வரியாக உதடு அசையப் படித்தார். முடித்ததும் என்னிடம் தந்தார். நானும் படித்தேன். திரும்ப அவரிடம் கொடுத்தேன், இன்னொரு தடவை படித்தார்.

மதியம் எங்களை உள்ளே விட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே வண்டி நிறுத்துகிற இடத்தில் யாரோ ஒருவர் பின்னால் எடுக்கத் தெரியாமல் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருந்தார். மகள் மூக்கில் குழாயோடு, போர்வை மார்பு வரை இழுத்து விடப்பட்டுப் படுத்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. பஞ்சை நனைத்துத் தடவினேன். கண் திறக்கவில்லை. எழுந்ததும் என்ன சொல்வது, எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று நான் மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலின் மறுபக்கம் நின்றுகொண்டிருந்தார். உட்கார நாற்காலி இருந்தது. உட்காரவில்லை.

அப்போது போர்வைக்குள் அவள் வலது கை அசைந்தது. மெதுவாக, தூக்கத்தில் அசைகிற கை மாதிரி இல்லாமல், போகிற இடம் தெரிந்த கையாக அது வயிற்றின் மேல் நகர்ந்தது. நான் பிடித்துவிட எழுந்தேன். அவர் வேண்டாம் என்று தலையசைத்தார். கை ஓரிடத்தில் நின்றது. பிளாஸ்டிக் சலசலப்பது போர்வைக்குள்ளிருந்து கேட்டது. விரல்கள் அதன் விளிம்பைத் தொட்டு, கண் தெரியாதவர் தட்டின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பது போல, ஒரு சுற்று சுற்றி வந்தன. பிறகு உள்ளங்கை முழுவதும் விரிந்து அதன்மேல் படிந்து அப்படியே இருந்தது.

"சூடா இருக்கு" என்றாள், கண்ணைத் திறக்காமல்.